நூற்புழுவுக்கு எதை வாங்குவது: இறால் ஓடா, வேப்பம் புண்ணாக்கா?

ஏற்காட்டில் மிளகுக்கொடி மஞ்சளித்தாலும் சரி, ஆத்தூர் பக்கம் தக்காளிச் செடி உச்சி வெயிலில் துவண்டு மாலையில் நிமிர்ந்தாலும் சரி, கடைக்காரர் இப்போது இரண்டு மூட்டைகளைக் காட்டுகிறார். ஒன்று பழகிய வேப்பம் புண்ணாக்கு. இன்னொன்று கடற்கரையிலிருந்து வரும் இறால் ஓட்டுத் தூள். இரண்டும் இயற்கை இடுபொருள், இரண்டும் மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவை அடக்கும் என்பது உண்மைதான். ஆனால் அடக்கும் விதம் வேறு, கேட்கும் மண் வேறு, ஆகும் காலம் வேறு. இதைப் பார்க்காமல் விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்குவதால்தான் பலருக்கும் பணம் மண்ணோடு போகிறது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சேர்வராயன் மலையின் புளிப்பு மண்ணில், புதிதாக நடப்போகும் காபி, மிளகுக் குழிகளுக்கு இறால் ஓடு நல்ல தேர்வு. மலையிலேயே ஆனாலும் வளர்ந்து நிற்கும் கொடிக்கும் செடிக்கும் வேப்பம் புண்ணாக்குதான். சமவெளியில் கிட்டத்தட்ட எல்லாப் பயிருக்கும் வேம்பு. இனி காரணங்கள்.

அதற்கு முன், வந்திருப்பது நூற்புழுதானா என்று பாருங்கள். வாடிய செடியைப் பிடுங்கி இழுக்காதீர்கள். முடிச்சுள்ள மெல்லிய வேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் கெல்லி எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். வேர்முடிச்சு நூற்புழு என்றால் வேரே வீங்கி மணிமாலை போல முடிச்சு முடிச்சாக இருக்கும். அவரை, உளுந்து வேரில் இயல்பாக வரும் நல்ல முடிச்சு பெருவிரலால் தள்ளினால் கழன்று விழும். நூற்புழு முடிச்சு வேரின் சதையாகவே இருப்பதால் கழலாது. காபியைத் தாக்கும் வேரழுகல் நூற்புழுவும், மிளகையும் வாழையையும் துளைக்கும் நூற்புழுவும் முடிச்சுப் போடாது. வேரில் பழுப்புக் கீறல்கள் தெரியும், பட்டை உரிந்து வரும், உறிஞ்சு வேரே இல்லாமல் மொட்டையாக இருக்கும். சந்தேகம் இருந்தால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து பல இடத்து மண்ணைக் கலந்து கால் கிலோவும், கூடவே 10 கிராம் மெல்லிய வேரும் எடுத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். வெயிலில் காயவிடக் கூடாது. புழு செத்துப்போனால் எண்ண முடியாது. ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டால் எங்கே அனுப்பலாம் என்று வழிகாட்டுவார்கள்.

இறால் ஓட்டின் வேலை சுற்றுவழி. காய்ந்த ஓட்டில் சுமார் 20 முதல் 30 சதவீதம் கைட்டின், 30 முதல் 40 சதவீதம் புரதம், மிச்சத்தில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. கைட்டின்தான் விஷயம். நூற்புழு முட்டையின் ஓட்டிலும் நடு அடுக்கு கைட்டினால் ஆனது. மண்ணில் இறால் ஓட்டைப் போட்டதும் அதைத் தின்று வாழும் ஆக்டினோமைசீட், பாக்டீரியா, பூஞ்சைகள் பெருகுகின்றன. அவை சுரக்கும் கைட்டினேஸ் நொதி புழு முட்டையின் ஓட்டையும் அரிக்கிறது. கூடவே புரதம் சிதையும்போது வெளிவரும் அமோனியா குஞ்சுப் புழுக்களைக் கொல்கிறது. ஆக, இறால் ஓடு மருந்தல்ல. மருந்தைச் சுரக்கும் உயிர்களுக்கான தீனி. தீனி போட்ட அன்றே பலன் தெரியாது. சமவெளி வெப்பத்தில் மூன்று நான்கு வாரம், ஏற்காட்டுக் குளிரில் ஆறு வாரம் பிடிக்கும். மண் காய்ந்து கிடந்தால் ஒன்றுமே நடக்காது.

வேம்பு நேர்வழி. கொட்டையிலுள்ள அசாடிராக்டின், நிம்பின், சலானின் முதலான கசப்புப் பொருள்கள் மண்ணீரில் கரைந்து, முட்டை பொரிப்பதைத் தடுக்கின்றன, குஞ்சுப் புழுவை முடக்குகின்றன. இது ஓரிரு வாரத்திலேயே தொடங்கிவிடும். முடிவும் சீக்கிரம் வரும்: அசாடிராக்டின் வெயிலிலும் காரத்தன்மையிலும் சிதையக்கூடியது, மண்ணில் சில வாரங்களில் பாதியாகிவிடும். வேர்முடிச்சு நூற்புழுவோ வெப்பமான மண்ணில் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒரு தலைமுறை. ஒரு பெண் புழு சில நூறு முட்டைகள் இடும். எனவே வேம்பை ஒரே தடவை போட்டுவிட்டுப் பயிர்க்காலம் முழுதும் நிம்மதியாக இருக்க முடியாது. அடியுரமாக ஒன்று, மண் அணைக்கும்போது ஒன்று என்று இரண்டாகப் பிரிப்பதுதான் முறை.

உரச்சத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. நல்ல வேப்பம் புண்ணாக்கில் 4 முதல் 5 சதவீதம் தழைச்சத்து, இறால் ஓட்டில் 5 முதல் 7 சதவீதம். வேம்பு தழைச்சத்தை மெதுவாக விடும். யூரியாவுக்கே வேப்பெண்ணெய் பூசி விற்பது அதனால்தான். இந்த இடத்தில் நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.

தீர்மானிப்பது சுண்ணாம்பு. சேர்வராயன் மலை பாக்சைட் இருக்கிற மலை. மழை அடித்து அடித்துச் சுண்ணாம்புச்சத்து கரைந்துபோன செம்மண். மண்ணின் கார அமில நிலை (pH) பல தோட்டங்களில் 5 முதல் 6 வரை நிற்கும். இந்த மண்ணுக்கு எப்படியும் சுண்ணாம்பு வேண்டும். அரை கிலோ இறால் ஓட்டில் ஏறத்தாழ 200 கிராம் சுண்ணாம்பு இலவசமாக வருகிறது, அதுவும் மெதுவாகக் கரையும் வடிவில். புளிப்புக் குறையக் குறைய ஆக்டினோமைசீட்களும் நன்றாகப் பெருகும். ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் ஏற்பாடு இது.

மலையிறங்கினால் கதை மாறுகிறது. கருப்பூர், மாமாங்கம் பக்கம் மேக்னசைட் படிவம். ஓமலூர், ஆத்தூர் வட்டாரங்களில் சுக்கான் கல் கலந்த நிலங்கள் நிறைய. கார அமில நிலை 7.5, 8, சில இடத்தில் 8.5. இங்கே மரவள்ளியின் கொழுந்து வெளுப்பதும் நிலக்கடலை மஞ்சளிப்பதும் பெரும்பாலும் இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காததால். அப்படிப்பட்ட மண்ணில் இன்னும் சுண்ணாம்பைக் கொட்டினால் நூற்புழு குறைந்தாலும் வெளுப்பு கூடும். சமவெளிக்கு இறால் ஓட்டை நாங்கள் பரிந்துரைக்காததற்கு முதல் காரணம் இதுதான். மண் பரிசோதனைச் சீட்டில் 7-க்கு மேல் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இரண்டாவது காரணம் அளவு. இறால் ஓடு நூற்புழுவைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் மண்ணின் எடையில் அரை சதவீதமாவது வேண்டும். ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 900 டன். அரை சதவீதம் என்றால் நாலரை டன் ஓடு. எந்த விவசாயிக்கும் கட்டாது. ஏக்கருக்கு ஒரு மூட்டை தூவினால் போதும் என்று யாராவது சொன்னால், அது உரமாக வேலை செய்யலாம், நூற்புழுவுக்கு எதிராக ஒன்றும் செய்யாது. குழியில் கணக்குப் போட்டால் நிலைமை வேறு. காபிக்கு எடுக்கும் ஒன்றரை அடிக் குழியில், அதாவது 45 சென்டிமீட்டர் நீள அகல ஆழத்தில், சுமார் 110 கிலோ மண் இருக்கும். அரை சதவீதம் 550 கிராம். மிளகுக்கு 50 சென்டிமீட்டர் குழி என்றால் ஏறத்தாழ 150 கிலோ மண், 750 கிராம் ஓடு. இது கட்டுப்படியாகும்.

மேல் வரம்பும் உண்டு. ஒரு சதவீதத்தைத் தாண்டினால் அமோனியா செடியையே சுட்டுவிடும். 550 கிராம் ஓட்டில் இருக்கும் தழைச்சத்து 70 கிராம் யூரியாவுக்குச் சமம். நாற்றங்காலிலிருந்து வந்த காபி நாற்றின் வேரடியில் 70 கிராம் யூரியாவை யாரும் ஒரே நேரத்தில் வைக்கமாட்டார்கள். அதனால்தான் ஓட்டைப் போட்டு, மண்ணை நனைத்து, காத்திருந்து நட வேண்டும்.

மலைத்தோட்டத்தில் செய்முறை இப்படி. குழியைக் கோடையிலேயே எடுத்து ஆறப்போடுங்கள். மார்ச், ஏப்ரலில் பூ மழை பெய்து மண் நனைந்த பிறகு மேல்மண்ணைத் தனியாக எடுத்து, அதில் 550 கிராம் ஓட்டுத் தூளும் ஐந்து கிலோ மட்கிய தொழுவுரமோ காபித்தோல் மட்கோ சேர்த்துப் புரட்டி, குழியின் கீழ் முக்கால் பாகத்தில் நிரப்புங்கள். மேலே நாலு விரற்கடை, முடிந்தால் 10 சென்டிமீட்டர், வெறும் மண்ணால் மூடி மிதித்துவிடுங்கள். மூடாவிட்டால் அன்று இரவே நாயும் பன்றியும் எலியும் வாசனை பிடித்துக் குழியைக் கிளறிவிடும். மலையில் இறால் ஓட்டின் பெரிய எதிரி இவைதான். மழை தவறினால் வாரம் ஒரு குடம் தண்ணீர். ஜூனில் நடுவதற்கு முன் ஒரு குழியைக் கிளறி முகர்ந்து பாருங்கள். மூக்கைக் குத்தும் நெடி இருந்தால் இன்னும் பத்து நாள் பொறுங்கள். மழை மண் வாசனை வந்தால் நடலாம்.

கையிருப்பில் காபித்தோல் நிறைய இருக்கும் தோட்டங்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. ஒரு பங்கு இறால் ஓட்டுக்கு மூன்று பங்கு காபித்தோல் என்று அடுக்கி, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் இரண்டரை மூன்று மாதத்தில் மட்கிவிடும். அறுவடை முடிந்த ஜனவரியில் அடுக்கினால் ஏப்ரலில் குழிக்குத் தயார். சுட்டுவிடும் பயம் போகும், நாற்றமும் போகும். கைட்டினில் ஒரு பகுதி மட்கும்போதே செலவாகிவிடும் என்பதால் குழிக்கு இரண்டு கிலோவாவது இட வேண்டும். ஆனால் கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே பெருகிய நிலையில் குழிக்குள் போகின்றன. அமோனியா பற்றிக் கவலைப்படுபவர்கள் இதையே செய்யலாம்.

இனி வாங்கும்போது நடக்கும் ஏமாற்று. இறால் ஓட்டுக்குப் பதிலாகக் கிளிஞ்சல் தூளைக் கலப்பது சுலபம். பார்க்க வெளுப்பாக, மணலாக இருக்கும், அதில் கைட்டின் இல்லை என்றே சொல்லலாம். கண்டுபிடிக்க ஒரு டீஸ்பூன் தூளை 200 மில்லி வெள்ளை வினிகரில் போட்டு ஒரு இரவு வையுங்கள். இரண்டுமே நுரைக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். காலையில் கிளிஞ்சல் தூள் ஏறக்குறைய கரைந்துபோயிருக்கும். இறால் ஓடு சுண்ணாம்பை இழந்து, மெல்லிய, வளையக்கூடிய, கண்ணாடித்தாள் போன்ற செதில்களாக மிதந்து நிற்கும். விரலில் எடுத்தால் நொறுங்காது. அந்தச் செதில்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் சரக்கு. அடியில் நெறுநெறுவென்று கிடப்பது மணல்.

உப்பையும் பாருங்கள். கடற்கரையில் சரியாகக் கழுவாமல் உலர்த்திய ஓட்டில் உப்பு நிற்கும். 100 கிராம் ஓட்டை அரை லிட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் கலக்கி வடிகட்டி, மின்கடத்துத் திறன் மீட்டரில் பாருங்கள். மட்கு உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் வரம்பு மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ். அதற்கு மேல் காட்டும் லோடைத் திருப்பிவிடலாம். ஈரமான ஓட்டை மலிவு என்று வாங்கவே வேண்டாம். முக்கால் பாகம் தண்ணீர்; கடற்கரையிலிருந்து சேலத்துக்குச் சுமார் 200 கிலோமீட்டர், அதன்மேல் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் அழுகி ஊற்றும். இயற்கைச் சான்றிதழ் வைத்திருக்கும் எஸ்டேட்டுகள், இறால் கருக்காமல் இருக்க ஆலையில் சல்பைட் போன்றவை சேர்த்தார்களா என்று கேட்டு, சான்றிதழ் நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகே இறக்க வேண்டும். இறால் சாப்பிட்டால் ஒவ்வாமை வருகிறவர்களைத் தூள் கலக்கும் வேலைக்கு விடாதீர்கள். மற்றவர்களும் மூக்கை மூடிக்கொள்ளட்டும்.

வேப்பம் புண்ணாக்கில் ஏமாற்று வேறு ரகம். ஆமணக்குப் புண்ணாக்கு, கடலைத்தோல், கொட்டையின் வெளியோடு, சாம்பல் எல்லாம் கலக்கும். நாக்கில் சிட்டிகை வைத்துப் பார்க்கும் பழக்கம் ஆமணக்குக் கலந்திருந்தால் ஆபத்து, அதன் புண்ணாக்கில் நஞ்சு உண்டு. மூக்கை நம்புங்கள்: நல்ல சரக்கு பூண்டு கலந்த காட்டமான நெடி அடிக்கும், கையில் தேய்த்தால் பிசுபிசுக்கும். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் விட்டால் மணல் அடியில் படியும், உமியும் தோலும் மேலே மிதக்கும். செக்கிலும் எக்ஸ்பெல்லரிலும் ஆட்டிய புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் நிற்கும், அதுதான் வேண்டும். பூச்சிமருந்துக்காக அசாடிராக்டினைப் பிரித்தெடுத்த பிறகு வரும் சக்கையையும் வேப்பம் புண்ணாக்கு என்றே விற்கிறார்கள். அது உரம் மட்டுமே. கேட்டு வாங்குங்கள். புதுக் கொட்டை ஜூன், ஜூலையில் விழுகிறது. அதை ஆட்டிய புண்ணாக்கு ஆகஸ்டிலிருந்து வரும். பூசணம் பிடித்துக் கட்டி கட்டியான பழைய மூட்டை விலை குறைந்தாலும் வேண்டாம்.

சமவெளியில் ஏக்கருக்கு 100 கிலோ என்பது வழக்கமான அளவு. அதை நிலம் முழுதும் தூவினால் சதுர மீட்டருக்கு 25 கிராம்தான் விழும். முடிச்சு நிறைய கண்ட நிலத்துக்குப் போதாது. அதையே நாலடி இடைவெளிப் பாத்தியில் சொட்டுநீர்க் குழாயை ஒட்டிய வாய்க்காலில் இட்டால் மீட்டருக்கு 30 கிராம், அதுவும் வேர் இருக்கும் இடத்திலேயே. முடிச்சு கடுமையாக இருந்தால் ஏக்கருக்கு 250 கிலோ, மீட்டருக்கு 75 கிராம் ஆகும். நடவுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே இட்டுத் தண்ணீர் விடுங்கள். புதுப் புண்ணாக்கு நேரே நாற்றின் வேரில் பட்டால் செடி முடங்கும். வாழைக்குக் கன்றுக்குக் கால் கிலோ நடும்போது, மறு கால் கிலோ மூன்றாம் மாதம் மண் அணைக்கையில்.

வளர்ந்த மிளகுக் கொடிக்குக் கொடிக்கு ஒரு கிலோ புண்ணாக்கு, பத்து கிலோ தொழுவுரத்தோடு, தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, தென்மேற்குப் பருவமழைக்கு முன். கொத்தாதீர்கள், இலைச்சருகை ஒதுக்கிவிட்டு மேலாக இட்டு மறுபடி சருகால் மூடினால் போதும். நிற்கும் கொடிக்கு இறால் ஓடு வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம். ஓட்டைப் புதைக்கக் கொத்த வேண்டும், கொத்தினால் வேர் அறுபடும், அறுபட்ட வேரில், மிளகில் விரைவாடல் நோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் நுழையும்.

பைட்டோப்தோரா என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இறால் ஓடு பூஞ்சையின் சுவரை அரிக்கும், ஆகவே மிளகின் விரைவாடலையும் தடுக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். தவறு. பைட்டோப்தோராவின் செல் சுவர் செல்லுலோஸும் குளுக்கனும். கைட்டினேஸுக்கு அங்கே வேலை கிடையாது. விரைவாடலுக்கு வடிகாலும், பருவமழைக்கு முன் ஒரு சத போர்டோ கலவையும்தான். ஆண்டுக்கணக்கில் மெதுவாக மஞ்சளித்து, மழை ஓய்ந்ததும் மோசமாகும் மெதுவாடலில்தான் நூற்புழுவின் பங்கு இருக்கிறது. கொடி சில வாரத்திலேயே கருத்து இலை கொட்டினால் இந்த இரண்டு மூட்டையும் உங்களுக்கு உதவாது.

அதேபோல் பாட்டிலில் வரும் கைட்டோசான் திரவமும் இறால் ஓடும் ஒரே வேலை செய்வன அல்ல. கைட்டினைக் காரத்தில் வேகவைத்து மாற்றியது கைட்டோசான். லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் இலையில் தெளித்தால் செடியின் எதிர்ப்பைத் தூண்டும், அவ்வளவே. மண்ணில் கைட்டின் தின்னிகளைப் பெருக்கும் அளவுக்குப் பொருள் அதில் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்ற கேள்வி வரும். சேர்க்கலாம், ஒரே நாளில் அல்ல. இரண்டு தழைச்சத்தும் ஒன்றாகச் சிதைந்தால் அமோனியா எகிறும். புதுக் காபிக் குழியில் ஓடு போட்டு நட்டவர்கள், நட்ட மறு ஆண்டிலிருந்து செடிக்குக் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு மேலாக இடுவதே எங்களுக்குப் பிடித்த ஏற்பாடு. அதில் டிரைக்கோடெர்மா ஏற்றிக்கொள்ளலாம்: 90 கிலோ தொழுவுரம், 10 கிலோ புண்ணாக்கு, ஒரு கிலோ டிரைக்கோடெர்மா தூள், தண்ணீர் தெளித்து நிழலில் சாக்கால் மூடி, ஐந்து நாளுக்கு ஒருமுறை புரட்டிப் பதினைந்து நாள். டிரைக்கோடெர்மாவும் கைட்டினேஸ் சுரக்கும் பூஞ்சைதான். சமவெளிக்காரர்கள் இறால் ஓடு இல்லாமலே அந்தப் பலனில் கொஞ்சத்தை இப்படிப் பெறலாம்.

மூட்டைக்கணக்கில் வாங்கும் முன் உங்கள் மண்ணிலேயே சோதித்துவிடுங்கள். முடிச்சு கண்ட இடத்து மண்ணை நன்றாகக் கலந்து, இரண்டு கிலோ பிடிக்கும் தொட்டிகள் ஒன்பதில் நிரப்புங்கள். மூன்றில் ஒன்றும் வேண்டாம். மூன்றில் தொட்டிக்கு 10 கிராம் இறால் ஓடு, அது அரை சதவீதம். மூன்றில் 10 கிராம் வேப்பம் புண்ணாக்கு. ஈரம் காயாமல் நான்கு வாரம் வைத்து, பிறகு ஒவ்வொன்றிலும் ஒரே வயதுத் தக்காளி நாற்று நடுங்கள். காபி, மிளகுத் தோட்டத்திலும் வேர்முடிச்சுப் புழு இருந்தால் தக்காளி காட்டிக்கொடுக்கும். வேரழுகல் நூற்புழுவுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது, அதற்கு ஆய்வகம்தான். 40 நாள் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்து வேரை அலசி, முடிச்சுகளை எண்ணித் தாளில் எழுதுங்கள். ஒன்றும் போடாத தொட்டியில் இருப்பதில் பாதிக்கும் கீழே எது இறக்குகிறதோ அதை வாங்குங்கள். இரண்டும் இறக்காவிட்டால் அந்த நிலத்தில் ஒரு போகம் செண்டுமல்லி போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.